துருவுக்கு அடியில்

பழையதைப் புதுப்பிப்பது உலகத்தில் புதிய காரியம் அல்ல. கோவிலுக்குத் திருப்பணி செய்கிறார்கள். குளத்தைத் தூர் வாருகிறார்கள். பாட்டியின் காசுமாலையை அழித்துப் பேத்திக்கு நெக்லெஸ் பண்ணுகிறார்கள். கோவிலைக் கட்டியவன் அது ஆயிரம் வருஷம் நிற்க வேண்டும் என்று நினைத்துத்தான் கட்டினான். ஆகவே அதைப் பழுது பார்க்கிறவன் கட்டியவனுடைய எண்ணத்தையே நிறைவேற்றுகிறான். இதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை.

ஆனால், செய்தவனே மூன்று வருஷத்தில் தூக்கி எறியட்டும் என்று நினைத்துச் செய்த ஒரு பொருளை, வேறு யாரோ ஒருவர் ஐம்பது வருஷம் கழித்துத் தம் வீட்டுக் கார் ஷெட்டில் படுத்துப் புரண்டு, முதுகில் கிரீஸும் கண்ணில் துருவுமாகப் புதுப்பிக்கிறார் என்றால், அது கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம் அல்லவா? அமெரிக்காவில் அப்படித்தான் நடக்கிறது. அந்தப் பொருளுக்கு 'மஸில் கார்' என்று பெயர்.

மஸில் என்றால் தசை. 'தசைக் கார்' என்று மொழிபெயர்த்தால் கசாப்புக் கடை ஞாபகம் வருகிறது. 'புஜபலக் கார்' என்று வேண்டுமானால் சொல்லலாம். இலக்கணம் எளியது: நடுத்தரக் குடும்பத்துக்கென்று செய்த அளவான உடம்பு, அதற்குள்ளே பெரிய கார்களுக்கென்று செய்த எட்டு சிலிண்டர் இஞ்சின். மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளையின் தேகத்தில் பீமசேனனின் இருதயத்தை வைத்துத் தைத்தது போல. பச்சை விளக்கு எரிந்ததும் பக்கத்துக் காரை முந்திக்கொண்டு நேராகப் பாய வேண்டும். அதுதான் அதன் பிறவிப் பயன். வளைவில் திரும்புவதும், நிற்கச் சொன்ன இடத்தில் நிற்பதும் அதற்கு அவ்வளவாகக் கைவராத வித்தைகள்.

இந்த வம்சத்தின் மூல புருஷன் யார் என்பதில் சண்டை உண்டு. பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் பெயர் பாண்டியாக் ஜி.டி.ஓ. பாண்டியாக் என்றதும் மதுரைப் பாண்டியருக்கும் இதற்கும் சம்பந்தம் தேடி யாரும் ஆராய்ச்சியில் இறங்க வேண்டாம். 1763-ல் டெட்ராய்ட் கோட்டையை முற்றுகையிட்டு ஆங்கிலேயரைத் திணற அடித்த அமெரிக்கப் பழங்குடித் தலைவர் ஒருவருடைய பெயர் அது. அவர் பெயரை ஓர் ஊருக்கு வைத்தார்கள். பிறகு ஒரு காருக்கும் வந்து சேர்ந்தது. நிலத்தை எடுத்துக்கொண்டு பெயரை மட்டும் திருப்பிக் கொடுப்பது ஜயித்தவர்களின் பழைய வழக்கம்.

1963-ஆம் வருஷ ஆரம்பத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் ஓர் உத்தரவு பிறந்தது. கம்பெனியின் எந்தப் பிரிவும் இனிமேல் பந்தயங்களில் தலையிடக் கூடாது என்றது உத்தரவு. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இஞ்சின் வைக்கக் கூடாது என்று இன்னொரு விதியும் இருந்தது. பாண்டியாக் பிரிவின் தலைமை எஞ்சினீயர் ஜான் டிலோரியனும் அவருடைய சகாக்களும் 'டெம்பெஸ்ட்' என்ற நடுத்தரக் காரில் 389 கன அங்குல இஞ்சினை வைத்துப் பார்த்தார்கள். அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்த பிறகு திருப்பி எடுக்க மனம் வரவில்லை. விதி என்ன சொல்கிறது? புதிய மாடலைப் பற்றித்தான் சொல்கிறது. வாங்குகிறவர் விரும்பிக் கேட்டால் சேர்த்துக் கொடுக்கும் உபரிச் சாமானைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. வக்கீல்கள் பார்த்தால் மனம் குளிர்ந்து போகக்கூடிய சந்து இது. 325 குதிரைச் சக்தியுள்ள அந்த இஞ்சினையும் மற்றச் சாமான்களையும் சேர்த்து, சுமார் 296 டாலர் கூடுதல் விலை வைத்து, 1964 மாடலில் 'ஜி.டி.ஓ.' என்று வெளியே விட்டார்கள். 5,000 கார் விற்றால் பெரிது என்று கணக்குப் போட்டிருந்தார்கள். முதல் வருஷம் 32,450 விற்றது. 1966 மாடலில் 96,946.

இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. யுத்தம் முடிந்த மறு வருஷம், 1946-ல், பிறந்த குழந்தைக்கு 1964-ல் 18 வயது. அமெரிக்காவில் அப்படிப் பிறந்த குழந்தைகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். கையில் சம்பளமும், காலடியில் பெட்ரோலும், மனசில் அவசரமும் உள்ள வயது அது.

காரின் பிறந்த வருஷத்திலேயே ஒரு தில்லுமுல்லும் நடந்துவிட்டது. 1964 மார்ச்சில் 'கார் அண்ட் டிரைவர்' பத்திரிகை, இத்தாலியப் பந்தயக் காரான பெராரி ஜி.டி.ஓ.வோடு பாண்டியாக் ஜி.டி.ஓ.வை ஒப்பிட்டுக் கட்டுரை வெளியிட்டது. பெயரே அங்கிருந்து இரவல் வாங்கியதுதான். பெராரி பரீட்சைக்கு வரவே இல்லை. அட்டையில் சித்திரமாக மட்டும் வந்தது. வந்த பாண்டியாக்கிலோ, 389-க்குப் பதிலாக 421 கன அங்குல இஞ்சின் ஒளிந்திருந்தது. பாண்டியாக்கின் விளம்பரக்காரர் ஜிம் வாங்கர்ஸே பல வருஷங்களுக்குப் பிறகு இதை வெளியே சொன்னார். அசல், போலி என்ற வார்த்தைகளை இந்தக் கட்டுரையில் பின்னால் சந்திக்கப் போகிறோம். அசலின் ஜாதகமே இப்படி என்பதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்று வருஷத்தில் தூக்கி எறியச் செய்த பொருள் என்று மேலே சொன்னேன். அதற்கும் சரித்திரம் உண்டு. ஹென்றி ஃபோர்டின் 'மாடல் டி' 1908 முதல் 1927 வரை விற்றது. பத்து வருஷத்துக்கு முன்பு வாங்கியவனும் நேற்று வாங்கியவனும் ஏறக்குறைய ஒரே உருவமுள்ள காரில் போனார்கள். இப்படி இருந்தால் இரண்டாவது காரை யார் வாங்குவார்கள்? ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்ஃப்ரெட் ஸ்லோன் 1920-களில் இதற்கு வழி கண்டுபிடித்தார். வருஷா வருஷம் உருவத்தை மாற்றுவது. பழைய கார் கெட்டுப்போக வேண்டிய அவசியமே இல்லை; அதில் ஏறிப் போக வெட்கமாக இருந்தால் போதும். அவருடைய கம்பெனியில் கார்களுக்கு உருவம் அமைத்த ஹார்லி ஏர்ல் 1950-களில் பெருமையாக ஒரு கணக்குச் சொன்னார். 1934-ல் அமெரிக்கர் ஒரு காரைச் சராசரி 5 வருஷம் வைத்துக்கொண்டிருந்தார். இப்போது 2 வருஷம். அது 1 வருஷமாகிவிட்டால் தமக்கு முழு மார்க் என்றார். மறதியை மொத்த வியாபாரமாகச் செய்தவர்கள் அவர்கள். புஜபலக் கார் அந்தக் கடையின் கடைசிச் சரக்கு.

பத்தே வருஷத்தில் கதை முடிந்தது. 1966-ல் அமெரிக்கச் சாலைகளில் 50,000 பேருக்கு மேல் இறந்தார்கள். வாலிபப் பையன்களின் பெரிய இஞ்சின்களுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கட்டணத்தை ஏற்றின. 1970 டிசம்பர் 31-ஆம் தேதி தூய காற்றுச் சட்டம் கையெழுத்தாயிற்று. 1971 மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் இஞ்சின்களின் அழுத்தத்தைக் குறைத்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பெட்ரோல் பங்கில் வரிசை நின்றது. 1974 ஜனவரியில், நாடு முழுவதும் மணிக்கு 55 மைலுக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் வந்தது. அந்த வருஷம் ஜி.டி.ஓ. என்ற பெயரை ஒரு சிறிய காரின் மேல் ஒட்டி விற்றார்கள். 7,058 பேர் வாங்கினார்கள். மறு வருஷம் விற்பனைப் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை.

அப்புறம் அந்தக் கார்கள் என்ன ஆயின? பழைய கார் விற்கும் மைதானங்களில் வெயில் காய்ந்தன. சில நூறு டாலர் சேர்த்த பள்ளிக்கூடப் பையன் ஒன்றை வாங்கினான்; ஓட்டினான்; மோதினான்; விற்றான். அடுத்தவன் வாங்கினான். கடைசியில் காயலான் கடை. அதற்கும் போகாமல் தப்பியவை கொல்லைப்புறத்தில் புல்லுக்கு நடுவே நின்றன. அங்கே அவற்றைத் துரு தின்றது.

துருவைப் பற்றிச் சொல்லும்போது உப்பைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. குளிர்காலத்தில் அமெரிக்காவின் வட பகுதியில் சாலைகளில் உறைபனி கட்டிவிடும். அதை இளக்குவதற்கு உப்பைக் கொட்டுவார்கள். உப்பும் பனி நீரும் சேர்ந்து காரின் அடியில் ஏறி, மட்கார்டின் மடிப்புகளிலும், டிக்கியின் தரையிலும், கதவின் கீழ் ஓரத்திலும் தங்கிவிடும். கூரையில் அழகுக்காக வினைல் துணி ஒட்டிய கார்களுக்கு இன்னும் கேடு. துணிக்கு அடியில் ஈரம் குடியிருந்து பின் கண்ணாடியைச் சுற்றிலும் அரித்துவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த உப்பில் ஒரு பகுதி டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே கிடைக்கிறது. ஆயிரம் அடிக்கும் கீழே பெரிய உப்புச் சுரங்கம். 1910-ல் அதற்குள் இறங்க வழி வெட்டி முடித்தார்கள். மேலே காரைச் செய்தார்கள்; கீழே அதற்கு எமனைத் தோண்டினார்கள். பிள்ளையைப் பெற்ற வீட்டிலேயே பாம்புப் புற்றும் இருந்தது என்று சொல்லலாம்.

1980-களில் காற்று திரும்பியது. 1960-களில் 18 வயதாக இருந்த பையன்களுக்கு நாற்பது வயது நெருங்கியது. வீடு இருந்தது, கார் ஷெட் இருந்தது, தலையில் மயிர் மட்டும் குறைந்திருந்தது. இளமையைத் திருப்பி வாங்க முடியாது. இளமையில் விற்ற காரைத் திருப்பி வாங்கலாம் அல்லவா? கொல்லைப்புறங்களைத் தேடிக்கொண்டு புறப்பட்டார்கள். அவர்களுக்கென்றே பழைய பாகங்களை அச்சுப் பிசகாமல் புதிதாகச் செய்து விற்கும் கம்பெனிகளும் முளைத்தன.

வீட்டில் ஒரு காரைப் புதுப்பிப்பது எப்படி என்று நினைக்கிறீர்கள்? முதலில் பிரிக்க வேண்டும். பிரிப்பது சுலபம், குழந்தைகள்கூடச் செய்வார்கள். எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்று சீட்டு எழுதி, பையில் போட்டு, போட்டோ எடுத்து வைப்பதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. பிரித்தவர்கள் எல்லாரும் பூட்டினவர்கள் அல்ல. கார் ஒரு மூலையிலும், அதன் அங்கங்கள் நாற்பது அட்டைப் பெட்டிகளிலுமாகப் பதினைந்து வருஷம் கிடந்து, கடைசியில் அப்படியே விற்கப்பட்ட கதைகள் ஏராளம்.

பிறகு துரு. மேலே ரூபாய் அகலத்துக்கு ஒரு கொப்புளம் தெரிந்தால், உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை இருக்கும். முன்பு வைத்திருந்தவர்கள் அதைச் சரி செய்யாமல் மேலே பட்டி பூசி மறைத்திருப்பார்கள். உப்புத்தாளைப் போட்டுத் தேய்க்கத் தேய்க்க, பெயிண்டுக்கு அடியில் பெயிண்ட், அதற்கு அடியில் பட்டி, அதற்கு அடியில் பழைய மோதலின் நசுங்கல் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். உப்பால் வந்த வினையை உப்புத்தாளால் தீர்க்கிறார்கள்! அரித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். மெல்லிய தகடு, ஒரே இடத்தில் சூடு காட்டினால் அப்பளம் போல் நெளிந்துவிடும். அங்கே ஒரு புள்ளி, இங்கே ஒரு புள்ளி என்று ஆறவிட்டு ஆறவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

இஞ்சினைக் கழற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புவார்கள். தேய்ந்த சிலிண்டர்களை ரீபோர் செய்து, சற்றுப் பெரிய பிஸ்டன் போடுவார்கள். வால்வு உட்காரும் இடத்தில் கடினமான எஃகு வளையம் வைப்பார்கள். அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது வால்வுக்கு மெத்தை போல் உதவியது. 1996 முதல் அமெரிக்காவில் சாலையில் ஓடும் கார்களுக்கு ஈயப் பெட்ரோல் கிடையாது. ஆகவே இஞ்சின் பழைய காலத்தது, அது குடிப்பது புதிய காலத்தது என்ற சங்கடம் வளையத்தால் தீர்கிறது. இவ்வளவும் சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்க வேண்டும். வருஷங்கள் ஓடுவதில் ஆச்சரியம் என்ன?

டெட்ராய்ட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள ஒரு சின்ன ஊரில், அப்படிப்பட்ட ஒரு கார் ஷெட்டில் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், 1970 மாடல் டாட்ஜ் சாலஞ்சர் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார். நான் போனபோது அவர் பின் ஸீட்டின் அடிப்பக்கத்தை மல்லாத்தி வைத்து, ஸ்பிரிங்குகளுக்கு நடுவே விரலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். ஏதோ காசு விழுந்துவிட்டது என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் பழுப்பேறிய காகிதம் ஒன்று வெளியே வந்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஏட்டுச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த நம் உ. வே. சாமிநாதையருக்குப் பரண் மேல் ஒரு கட்டுக் கிடைத்தால் எப்படி இருந்திருக்குமோ, அப்படி இருந்தது.

அந்தக் காகிதம் தொழிற்சாலைக் குறிப்புச் சீட்டு. இந்தக் காருக்கு என்ன இஞ்சின், என்ன நிறம், என்ன ஸீட் என்று சங்கேத எண்களில் அச்சடித்து, வரிசையில் வேலை செய்கிறவர்கள் பார்ப்பதற்காகக் கூடவே அனுப்புவார்கள். வேலை முடிந்ததும் அதற்கு மதிப்பு இல்லை. ஸீட்டு ஸ்பிரிங்கிலோ, பெட்ரோல் டாங்கியின் மேலோ செருகியபடியே கார் வெளியே போய்விடும்.

பெரியவர் அதோடு விடவில்லை. கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு என்னையும் குனியச் சொன்னார். இஞ்சினுக்குப் பின்னால் இருந்த தகட்டுச் சுவரில், அழுக்கைத் துடைத்த இடத்தில், மஞ்சள் மெழுகுக் குச்சியால் யாரோ கிறுக்கியிருந்தார்கள்.

"என்ன எழுதியிருக்கிறது?" என்றேன்.

"சரி என்று எழுதியிருக்கிறது. பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது, அடுத்த ஆள் தொடலாம் என்று அர்த்தம்."

"யார் எழுதியது?"

"அது தெரிந்தால் இன்றைக்கே அவருக்கு ஒரு கடிதம் போட்டுவிடுவேனே!" என்றார்.

அந்தக் கடிதத்தை எந்த விலாசத்துக்குப் போட முடியும்? அவருடைய காரின் எண், அது டெட்ராய்ட்டை ஒட்டியுள்ள ஹாம்ட்ராம்க் என்ற ஊரின் தொழிற்சாலையில் செய்தது என்று சொல்லிற்று. 'டாட்ஜ் மெயின்' என்று அதற்குப் பெயர். 1910-ல் கட்ட ஆரம்பித்தது. 1970 மாடல் டாட்ஜ் சாலஞ்சரும் பிளிமத் பாராகுடாவும் அங்கே உருவாயின. அந்த மாடல் வருவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, 1968 மே 2-ஆம் தேதி, அங்கே சுமார் 4,000 தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். வரிசையின் வேகத்தை மேலே மேலே ஏற்றிக்கொண்டு போகிறார்கள், கை ஈடுகொடுக்கவில்லை என்பது அவர்களுடைய முறையீடு. வெளியே வந்தவர்களில் வெள்ளையரும் உண்டு, கறுப்பரும் உண்டு. ஆனால் தண்டனை கறுப்பர்கள் மேல்தான் அதிகமாக விழுந்தது. அதிலிருந்து 'டாட்ஜ் புரட்சிகரத் தொழிற்சங்க இயக்கம்' என்ற அமைப்பு பிறந்தது. அதற்கு முந்தைய வருஷம் ஜூலையில்தான் டெட்ராய்ட் நகரம் பற்றி எரிந்து 43 பேர் இறந்திருந்தார்கள். வேகத்துக்குப் பெயர் போன கார்கள் அவை. அந்த வேகத்துக்கு முன்னால் தொழிற்சாலையில் இன்னொரு வேகம் இருந்தது. அதை ஓட்டியவர்கள் அனுபவிக்கவில்லை; பூட்டியவர்கள் அனுபவித்தார்கள்.

1980 ஜனவரியில் அந்தத் தொழிற்சாலையை மூடினார்கள். 1981-ல் இடித்தார்கள். பக்கத்தில் இருந்த குடித்தெருக்களையும் சேர்த்துக் காலி செய்து, 4,000 பேருக்கு மேல் வெளியேற்றி, அந்த இடத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் வேறு தொழிற்சாலை கட்டியது. எழுதியவர் பெயர் இல்லை. எழுதிய இடமும் இல்லை. கையெழுத்து மட்டும் ஒரு சின்ன ஊரின் கார் ஷெட்டில், அழுக்குக்கு அடியில், பத்திரமாக இருக்கிறது.

இந்த இடத்தில்தான் புதுப்பிக்கிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள்.

முதல் கட்சிக்கு, கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாள்தான் புண்ணிய நாள். அதற்கு அப்புறம் நடந்ததெல்லாம் அழுக்கு. ஆகவே மணலை வீசி எல்லாவற்றையும் வெறும் இரும்பாக்குகிறார்கள். பிறகு பெயிண்ட் அடித்துக் கண்ணாடி போல் மின்ன வைக்கிறார்கள். ஆனால் 1970-ல் எந்தக் காரும் அப்படி மின்னவில்லை! அவசர அவசரமாக அடித்த பெயிண்ட் ஆரஞ்சுப் பழத் தோல் போல் இருந்தது. சில இடங்களில் வழிந்தும் இருந்தது. போட்டிகளில் பரிசு கொடுக்கும் நீதிபதிகளில் சிலர் இதைக் கவனிக்க ஆரம்பித்தார்கள். உடனே என்ன செய்தார்கள் தெரியுமா? தொழிற்சாலையில் எங்கே வழிந்ததோ அங்கேயே வழிய விட்டுப் பெயிண்ட் அடித்தார்கள். பழைய மெழுகுக் குச்சிக் கிறுக்கலைப் போட்டோ எடுத்துக்கொண்டு, மணல் வீசி அழித்து, புதுப் பெயிண்டின் மேல் அதே நிறக் குச்சியால், அதே சாய்வில், அந்தக் கிறுக்கலை மறுபடி எழுதினார்கள். அமெரிக்கர்கள் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை.

இரண்டாவது கட்சி, இருப்பதை இருக்கிறபடி காப்பாற்று என்கிறது. ஒரு கார் எத்தனை முறை வேண்டுமானாலும் புதுசாகலாம், அசலாக ஒரு முறைதான் இருக்க முடியும் என்பது அவர்களுடைய வேதம்.

முதல் கட்சியை எளிதில் கேலி செய்துவிடலாம். ஆனால் அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. துருவை மதித்து விட்டுவைத்தால் துரு நம்மை மதிக்காது. பத்து வருஷத்தில் காரே இருக்காது. தவிர, இவை ஓடும் பொருள்கள். 1964 ஜி.டி.ஓ.வுக்கு நான்கு சக்கரத்திலும் பழைய மாதிரி டிரம் பிரேக். அழுத்தம் போகும் பாதை ஒன்றே ஒன்று. அது விட்டுப்போனால் நான்கும் போயிற்று. பழமையின் மேல் பக்தி வைத்து அதே பிரேக்கோடு குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகிறவரைச் சரித்திர ஆசிரியர் என்று நான் சொல்ல மாட்டேன்.

தகராறு எங்கே முற்றுகிறது என்றால், பணம் உள்ளே வரும்போது. பிளிமத் பாராகுடா வம்சத்தில் 1971 மாடல், ஹெமி இஞ்சின், மடக்குக் கூரை ஆகிய மூன்றும் சேர்ந்த கார்கள் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் இல்லை. அவற்றில் ஒன்று 2014-ல் 35 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. இப்படி விலை ஏறினால் போலி வராமல் இருக்குமா? 1968 மாடல் முதல் காரின் எண்ணில் ஒரு பகுதியை இஞ்சினிலும் பொறித்தார்கள். இரண்டும் பொருந்தினால் ஒரு விலை. பொருந்தாவிட்டால் வேறு விலை. ஆகவே பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுப் புது எண் பொறிக்கும் மகான்களும் தோன்றினார்கள். 1964, 1965 ஜி.டி.ஓ.க்களின் கதை இன்னும் விசித்திரம். உபரிச் சாமான் என்று சொல்லி விதியை ஏமாற்றினார்கள் அல்லவா? அதனால் காரின் எண்ணில் ஜி.டி.ஓ. என்பதற்கு அடையாளமே கிடையாது. வெறும் டெம்பெஸ்ட் என்றுதான் சொல்லும். கம்பெனியின் பழைய தஸ்தாவேஜு வந்து சாட்சி சொன்னால்தான் அசல் என்று நம்புவார்கள். அன்றைக்குச் செய்த சாமர்த்தியம் இன்றைக்குப் பேரன்மாரைப் படுத்துகிறது.

2011-ல் ஃபோர்டு கம்பெனியின் அனுமதியோடு, 1965 மஸ்டாங் காரின் முழு இரும்புக் கூட்டையே புதிதாகச் செய்து 15,000 டாலருக்கு விற்க ஆரம்பித்தார்கள். மற்றப் பாகங்களும் கடையில் கிடைக்கின்றன. ஆக, 1965-ல் இல்லாத இரும்பைக் கொண்டே ஒரு 1965 காரைச் செய்துவிடலாம். பார்ப்பதற்கு அச்சாக இருக்கும். ஒரு குறையும் சொல்ல முடியாது. தட்டிப் பார்த்தால் கதை மட்டும் இருக்காது.

கதை இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு மஸ்டாங்கே சாட்சி. 1968-ல் வந்த 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மக்வீன் பச்சை நிற மஸ்டாங் ஒன்றை சான் பிரான்சிஸ்கோவின் மேட்டுத் தெருக்களில் பறக்கவிட்டார். அந்தப் படத்துக்கு ஒரே மாதிரி இரண்டு கார்கள் வாங்கியிருந்தார்கள். அடிபட்ட கார் காயலான் கடைக்குப் போனதாக எல்லாரும் நினைத்தார்கள். அது 2017-ல் மெக்ஸிகோவில் அகப்பட்டது. வேறொரு சினிமாக் காரின் வேஷத்துக்கு அதை மாற்றத் தயாராகிக்கொண்டிருந்தபோது, எண்ணைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். இன்னொரு காரை 1974-ல் பத்திரிகை விளம்பரம் பார்த்து ஒருவர் 6,000 டாலருக்கு வாங்கினார். அவருடைய மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. அந்தக் காரில்தான் பாடம் சொல்லப் போய் வந்தாள். 1977-ல் மக்வீனே கடிதம் எழுதி விலைக்குக் கேட்டார். கிடைக்கவில்லை. 1980-ல் கிளட்ச் போயிற்று; கார் மூலையில் நின்றது. அந்த வருஷம் நவம்பரில் மக்வீனும் இறந்தார்.

தகப்பனும் மகனும் சேர்ந்து அதைச் சரி செய்வதென்று பேசிக்கொண்டார்கள். பேசிப் பேசியே வருஷங்கள் போயின. 2014-ல் தகப்பன் இறந்துவிட்டார். மகன் இஞ்சினையும் மற்ற ஓடும் பாகங்களையும் சரி செய்தான். மேலே இருந்த மங்கிய பச்சையில் கை வைக்கவில்லை. நசுங்கல், துரு, காமிராவைப் பொருத்துவதற்காக அடியில் செய்த வேலையின் தழும்பு எல்லாவற்றையும் அப்படியே விட்டான். 2018 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் அதை உலகம் பார்த்தது. 2020 ஜனவரி 10-ஆம் தேதி 34 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. கண்ணாடி போல் பெயிண்ட் அடித்திருந்தால் அது அழகான பச்சைக் கார் ஆகியிருக்கும். ஆசிரியை ஓட்டிப் போன கார் எங்கேயோ போயிருக்கும்.

எனக்குத் தோன்றுவது இதுதான். ஒவ்வொரு பழைய காருக்குள்ளும் இரண்டு சரித்திரங்கள் இருக்கின்றன. ஒன்று, விற்றவனுடைய சரித்திரம்: மின்னும் பெயிண்ட், விளம்பரப் படம், குதிரைச் சக்திக் கணக்கு. அது அச்சில் இருக்கிறது, நூல் நிலையங்களில் இருக்கிறது, காணாமல் போகாது. இன்னொன்று, செய்தவனுடையதும் வைத்திருந்தவர்களுடையதும். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. மெழுகுக் குச்சிக் கிறுக்கலிலும், ஸீட்டுக்கு அடியில் செருகிய காகிதத்திலும், காலால் மிதித்து மிதித்துத் தேய்ந்த கிளட்ச் ரப்பரிலும்தான் இருக்கிறது. காரை வெறும் இரும்பாக்கிப் புதுசு பண்ணுகிறவர், தெரிந்தோ தெரியாமலோ, முதல் சரித்திரத்துக்கு இன்னொரு பிரதி எடுக்கிறார். இரண்டாவதன் ஒரே பிரதியை அழிக்கிறார். கும்பாபிஷேக உற்சாகத்தில் கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு அடித்த ஊர்க்காரர்களாகிய நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்காகத் துருவுக்குக் கோவில் கட்ட வேண்டாம். பிரேக்கை மாற்றட்டும்; அரித்த தரையை வெட்டி எறியட்டும்; இஞ்சினை ரீபோர் செய்யட்டும். உயிரைக் காப்பாற்றுகிற பாகங்களில் சிக்கனம் கூடாது. சாட்சி சொல்லுகிற பாகங்களில் அவசரம் கூடாது. எது எந்த வகை என்பது புத்தகத்தைப் பார்த்துத் தெரிவதில்லை. பெரிய ஒர்க்‌ஷாப்பில் மணிக்கணக்குக்குக் கூலி வாங்கும் ஆளுக்கு அதை யோசிக்க நேரமும் இல்லை. வீட்டு ஷெட்டில், யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில், ஒரே போல்ட்டோடு இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டுகிற மனிதருக்குத்தான் அந்த நேரம் இருக்கிறது.

பாண்டியாக் என்ற பெயரில் கார் விற்பதையே 2010-ல் ஜெனரல் மோட்டார்ஸ் முடித்துக்கொண்டது. வருஷத்துக்கு வருஷம் மறக்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் தங்கள் பிள்ளையின் பெயரையே மறந்தார்கள். கார் ஷெட்டுகளில் இன்னும் விளக்கு எரிகிறது. யாரோ ஒருவர் காரின் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, அரை நூற்றாண்டுக்கு முன்பு யாரோ ஒருவர் அவசரமாக எழுதிவிட்டுப் போன 'சரி'யை எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். அவர் கையில் உப்புத்தாள் இருக்கிறது. அதை உடனே தேய்க்காமல் கொஞ்சம் நிறுத்தி வைத்தாரானால், அந்தத் தொழிலாளிக்கு அவர் போட நினைத்த கடிதத்தைப் போட்ட மாதிரிதான்.